பத்தாவது வாரத் தடுப்பூசி: போடலாமா, ஆறு மாதம் ஆகட்டுமா?

கரூர்க்காரி (வியாழன், இரவு 11.40)

என் மகளுக்கு ஒன்பது வாரம் முடிந்து நான்கு நாள் ஆகிறது. ஆறாவது வாரத் தடுப்பூசியை எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டோம். தொடைக்கு ஒன்றாக இரண்டு, வலது கையில் ஒன்று, போதாததற்கு வாயில் இரண்டு விதச் சொட்டு மருந்து. அன்று மாலை நான்கு மணிக்கு ஆரம்பித்த அழுகை ஒன்பது மணி வரை விட்டுவிட்டு வந்தது. காய்ச்சல் 101. இடது தொடை கல் போல ஆகிவிட்டது. மறுநாள் இரவுக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. ஆனால் தொடையில் சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி இன்னும் கைக்குத் தட்டுப்படுகிறது.

நான் இப்போது அம்மா வீட்டில் இருக்கிறேன். மாமியார் கோவையிலிருந்து தினமும் அழைக்கிறார். "பச்சைக் குழந்தைக்கு ஒரே நாளில் மூன்று ஊசியா? என் பிள்ளைகளுக்கு இவ்வளவா போட்டேன்? ஆறு மாதம் ஆகட்டும், உடம்பு தேறட்டும்" என்கிறார். சின்ன மாமனார் வாட்ஸப்பில் ஒலிப்பதிவாக அனுப்பித் தள்ளுகிறார். என் கணவர் யார் பேசினாலும் தலையாட்டுகிறார்.

வரும் புதன்கிழமை பத்தாவது வாரத் தடுப்பூசி. போடக்கூடாது என்ற எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் அந்த ஐந்து மணி நேர அழுகையை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. பிள்ளைக்குப் போட்டவர்கள், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். என் மாமியாரைத் திட்டுவதற்காக வருகிறவர்கள் தயவுசெய்து வரவேண்டாம். பிரசவத்தன்று இரவு முழுக்க என் காலடியில் உட்கார்ந்திருந்தவர் அவர்.

புதன்கிழமை (வெள்ளி, காலை 6.15)

கண்ணு, நான் ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர். முப்பத்தொரு வருடம் புதன்கிழமைதோறும் ஊசி போட்டதால்தான் இந்தப் பெயர்.

முதலில் உன் மாமியாரிடம் ஒரு சேதி சொல். பத்தாவது வாரத்தில் ஊசி ஒன்றே ஒன்றுதான். இடது தொடையில் பெண்டாவேலன்ட். மற்றவை வாய்வழிச் சொட்டு மருந்துகள்: போலியோவும், வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டாவும். நிமோனியாவுக்கான ஊசியும் கையில் போடும் போலியோ ஊசியும் இந்த முறை கிடையாது, அவை பதினான்காவது வாரத்தில்தான் திரும்ப வரும். உங்கள் வீட்டில் நடக்கும் பாதிச் சண்டை இதிலேயே தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன்.

பெண்டா என்பது ஏதோ புதிய பூதமும் அல்ல. உன் மாமியார் தன் பிள்ளைகளுக்குப் போட்டிருப்பாரே முத்தடுப்பு ஊசி, தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி மூன்றுக்கும் சேர்த்து, அதோடு மஞ்சள் காமாலை பி வகைக்கும், நிமோனியாவும் மூளைக் காய்ச்சலும் தரும் ஹிப் கிருமிக்கும் உள்ள மருந்தைச் சேர்த்திருக்கிறார்கள். நாட்டிலேயே முதலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் 2011 டிசம்பரில் இது வந்தது. காய்ச்சலும் தொடை இறுக்கமும் பெரும்பாலும் இதனால்தான்.

கட்டி தானாகக் கரையும். சில குழந்தைகளுக்கு ஒன்றிரண்டு மாதம்கூட ஆகும். சிவந்து, சூடாகி, தொட்டால் குழந்தை துடித்தால் மட்டும் காட்டு. எண்ணெய் தேய்த்து உருவாதே, வெந்நீர் ஒற்றடம் கொடுக்காதே. குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும். உருளைக்கிழங்கு வில்லை, காப்பித்தூள் பற்று என்று யாராவது சொன்னால் அதையெல்லாம் சமையலறையிலேயே இருக்கச் சொல்.

அழுகையை இப்படிப் பார். எடுத்துக்கொண்டால், பால் கொடுத்தால் நிற்கிறது, பிறகு மறுபடி அழுகிறது என்றால் அது வலி. எதற்குமே அடங்காமல், இடைவெளி இல்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் வீறிட்டால் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய விஷயம். வலிப்பு வந்தாலோ, துவண்டு வெளிறிப் போனாலோ, ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் முகம் வீங்கி மூச்சு இரைத்தாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. ஊசி போட்ட பின் அரை மணி நேரம் அங்கேயே உட்காரச் சொல்வது அதற்குத்தான். பஸ் வந்துவிட்டது என்று ஓடாதே.

செம்மண் (வெள்ளி, காலை 10.02)

எல்லாம் சரி அம்மா. நான் திருவள்ளூர் மாவட்டத்துக்காரன். 2008 ஏப்ரலில் தட்டம்மைத் தடுப்பூசி போட்ட அன்றே எங்கள் மாவட்டத்தில் நான்கு குழந்தைகள் இறந்தன. அது வாட்ஸப் வதந்தி அல்ல, அப்போது வாட்ஸப்பே கிடையாது. என் மகளுக்கு அப்போது பத்து மாதம். அந்த வாரம் போட வேண்டியவள், சளி பிடித்திருந்ததால் போகவில்லை. பிறகு மூன்று வருடம் அவளை எந்த ஊசிக்கும் நான் அனுப்பவில்லை. என்னைப் படிக்காதவன் என்றார்கள், பிற்போக்கு என்றார்கள். அந்த நான்கு குழந்தைகளைப் பற்றி எனக்கு ஒருவரும் உட்கார வைத்துப் பதில் சொல்லவில்லை. நீங்கள் சொல்வீர்களா?

வேகத்தடை (வெள்ளி, காலை 10.20)

[பதிவு நீக்கப்பட்டது]

மட்டுறுத்துநர் (வெள்ளி, காலை 10.31)

வேகத்தடை, ஒரு தகப்பனின் பயத்தைக் கேலி செய்வது விவாதம் ஆகாது. ஊசியால் மலட்டுத்தன்மை வரும் என்ற முன்னனுப்பல்களை ஒட்டிய மற்ற இருவருக்கும் சேர்த்தே சொல்கிறேன்: 2017இல் எம்ஆர் (தட்டம்மை, ரூபெல்லா) தடுப்பூசி முகாமின்போது சுற்றிய அதே ஒலிப்பதிவுதான் அது. இங்கே வேண்டாம்.

புதன்கிழமை (வெள்ளி, மாலை 4.50)

செம்மண் தம்பி, அந்த வாரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் இருந்தது வேறு மாவட்டம். செய்தி வந்த மறுநாள் என் ஐஸ் பெட்டியைத் தூக்க எனக்கே கை வரவில்லை. ஊருக்குள் போனால் கதவைச் சாத்தினார்கள். எவர் மீதும் எனக்குக் கோபம் வரவில்லை.

அதுவரை நாங்கள் பெட்டியை எடுத்துக்கொண்டு கிராமத்துக்கே போவோம். பால்வாடித் திண்ணை, கோயில் மண்டபம், எங்கே நிழல் உண்டோ அங்கே ஊசி. அந்தச் சாவுகளுக்குப் பிறகு அரசு அதை நிறுத்தி, ஆரம்ப சுகாதார நிலையத்தில், மருத்துவர் இருக்கும்போதுதான் போட வேண்டும் என்று மாற்றியது. பாதுகாப்புக்கு நல்லதுதான். ஆனால் இரண்டு பஸ் மாறி வர வேண்டியவள், ஒரு நாள் கூலியை விட்டு வர வேண்டியவள் வரவில்லை. தேசிய குடும்ப நல ஆய்வில் 2005-06இல் தமிழ்நாட்டில் எல்லாத் தடுப்பூசியும் போட்டிருந்த குழந்தைகள் 80.9 விழுக்காடு. 2015-16இல் அது 69.7 ஆக இறங்கியது. அடுத்த ஆய்வில்தான் 89.2க்கு ஏறியது. அந்த இறக்கத்துக்குப் பயம் மட்டும் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், பஸ்ஸும் காரணம்.

அந்த நான்கு பிள்ளைகளைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. எங்கே தவறு நேரக்கூடும் என்று கையால் செய்தவளாகச் சொல்கிறேன். தட்டம்மை மருந்தும் காசநோய்க்கான பிசிஜியும் பொடியாக வரும். அவற்றோடு வரும் திரவத்தில்தான் கரைக்க வேண்டும், அலமாரியில் இருக்கும் வேறு எதிலும் அல்ல. கரைத்த நேரத்தைக் குப்பியின் மேல் பேனாவால் எழுத வேண்டும். நான்கு மணி நேரம் ஆனால், மிச்சம் எத்தனை டோஸ் இருந்தாலும் வீசிவிட வேண்டும். அதற்கு மேல் வைத்தால் கிருமி வளரும், அந்தக் கிருமியின் நஞ்சு உயிரையே எடுக்கும். மருந்து நல்லதாக இருந்தும் போடுகிற கையால் கெடுகிற இடம் இதுதான். ஆகவே தாய் பார்க்க வேண்டியதும் இதைத்தான்.

நேரம் எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள். சிரிஞ்சு உறையை உங்கள் கண்முன் பிரிக்கிறார்களா என்று பாருங்கள். ஒருமுறை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் சிரிஞ்சு அது, இரண்டாம் முறை இழுக்க வராது. பெண்டா, போலியோ குப்பிகளில் ஊதா நிறத்தில் ஒரு வட்டம் இருக்கும், அதற்குள் வெள்ளையாக ஒரு சிறிய சதுரம். சூடு பட்டு மருந்து கெடக்கெட அந்தச் சதுரம் கருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால் நல்ல மருந்து. இரண்டும் ஒரே நிறமாகிவிட்டால் அந்தக் குப்பி குப்பைக்கு. கேட்டால் நர்ஸம்மா கோபித்துக்கொள்வாள் என்று நினைக்காதீர்கள். என்னிடம் கேட்ட தாய்களை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது, கேட்டவர்கள் மிகக் குறைவு.

உங்கள் மகளுக்கு விட்டுப்போனவற்றைப் பின்னால் போட்டீர்களா?

செம்மண் (வெள்ளி, மாலை 5.15)

பள்ளியில் சேர்க்கும்போது போட்டோம். இப்போது கல்லூரியில் படிக்கிறாள். பதில் சொன்னதற்கு நன்றி அம்மா. பதினாறு, பதினேழு வருடம் தாமதம், அது உங்கள் குற்றம் அல்ல.

சிறகு (வெள்ளி, இரவு 9.30)

குழந்தை மருத்துவத்தில் மேற்படிப்பு படித்துக்கொண்டிருக்கிறேன். கரூர்க்காரி அக்காவின் மாமியார் கேட்ட கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது: ஏன் இத்தனை சிறிய வயதில்? ஆறு மாதம் ஆனால் என்ன?

கக்குவான் இருமலை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய பிள்ளைக்கு வந்தால் இருமி முடித்ததும் கூவுவது போல மூச்சை இழுக்கும், யாருக்கும் தெரிந்துவிடும். இரண்டு மாதக் குழந்தை இழுக்காது. இருமலே இல்லாமல்கூட மூச்சு நின்றுபோய், உதடு நீலமாகும். அந்த நோய் உயிரை எடுப்பது பெரும்பாலும் முதல் சில மாதங்களில்தான். ஆறு மாதம் கழித்துப் போடுவது மழை விட்ட பிறகு குடை வாங்குவதைப் போல.

ஜப்பானில் இதைச் செய்து பார்த்துவிட்டார்கள். ஊசிக்குப் பின் இரண்டு குழந்தைகள் இறந்ததால் 1975இல் அதை நிறுத்தி, பிறகு இரண்டு வயதுக்கு மேல் போட்டால் போதும் என்றார்கள். 1974இல் நாடு முழுவதும் கக்குவான் இருமல் 393 பேருக்கு, சாவு இல்லை. 1979இல் பதின்மூவாயிரத்துக்கு மேல், 41 சாவு. நம் பக்கத்தில் மலப்புரத்தில் 2016இல் தொண்டை அடைப்பான் வந்து பிள்ளைகள் இறந்ததை நினைவில் வைத்திருப்பீர்கள்.

தட்டம்மைக்கு மட்டும் ஒன்பது மாதம் வரை காத்திருப்பதற்குக் காரணம், தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குழந்தையின் உடலில் இருக்கும்வரை அந்த ஊசி சரியாகப் பிடிக்காது. ஒன்பதாம் மாதத்தில் போட்டாலும் நூற்றில் 85 குழந்தைகளுக்குத்தான் பிடிக்கும். அதனால்தான் 16 மாதத்துக்கு மேல் இரண்டாவது டோஸ். நிறையப் பெற்றோர் கோட்டைவிடுவது அந்த இரண்டாவதைத்தான். முதல் பிறந்த நாள் கொண்டாட்டம் முடிந்ததும் அட்டை பீரோவுக்குள் போய்விடுகிறது. எம்ஆர் போட்டால் காய்ச்சலும் லேசான தடிப்பும் உடனே வராது, ஆறு முதல் பன்னிரண்டு நாள் கழித்து வரும். ஊசியை மறந்தே போயிருக்கும் நேரத்தில் வருவதால் பயந்துவிடுகிறார்கள்.

தர்க்கம் (வெள்ளி, இரவு 10.12)

நான் ஊசிக்கு எதிரி இல்லை. ஆனால் செங்கல்பட்டில் 1968இல் தொடங்கிய பிசிஜி ஆய்வு, இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்தது. காசநோயைத் தடுக்கவில்லை என்றே முடிவு வந்தது. நம் மண்ணில் நடந்த ஆய்வு. அப்புறம் ஏன் பிறந்த அன்றே இடது கையில் குத்துகிறார்கள்?

சிறகு (வெள்ளி, இரவு 10.40)

நல்ல கேள்வி, நானும் தேர்வில் எழுதியிருக்கிறேன். செங்கல்பட்டு முடிவு பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைப் பற்றியது. அதை பிசிஜி தடுக்கவில்லை, உண்மை. குழந்தைகளுக்குக் காசநோய் மூளை உறையில் இறங்குவதையும் இரத்தத்தில் உடம்பெங்கும் பரவுவதையும் அது பெருமளவு தடுக்கிறது. போடுவது அதற்காக. பிள்ளை பெரியவனானால் காசநோயே வராது என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருந்தால் தவறாகச் சொல்லியிருக்கிறார்கள்.

பிசிஜி போட்ட இடம் சில வாரம் கழித்துப் பரு போலக் கிளம்பி, உடைந்து, நீர் கசிந்து, காய்ந்து தழும்பாகும். இதைச் சீழ் என்று பிதுக்கி, மஞ்சள் பூசி, ஊரையே கூட்டுகிறவர்கள் உண்டு. ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா விட்டாலே ஆறிவிடும். தழும்பு விழாவிட்டாலும் மறுபடி போடத் தேவையில்லை.

ஊன்றுகோல் (சனி, காலை 7.05)

இப்படிப்பட்ட பேச்சில் கடைசியாக யாராவது என்னைப் போன்றவனைச் சுட்டிக்காட்டிப் பாடம் நடத்துவார்கள். அதற்கு முன்னால் நானே வந்துவிடுகிறேன். 1971இல் பிறந்தவன், வலது காலில் போலியோ.

எங்கள் தெருவில் என் பெயர் "ஊசி போட்டுக் கால் போனவன்". இரண்டு வயதில் காய்ச்சல். உள்ளூர் வைத்தியர் இடுப்பில் ஒரு ஊசி போட்டார். மறுநாள் கால் துவண்டுவிட்டது. ஊசியால்தான் என்று அம்மா நம்பினாள். அதனால் என் தம்பிக்கும் தங்கைக்கும் அதன் பின் எந்தத் தடுப்பு மருந்தும் கொடுக்கவிடவில்லை. அம்மா சொன்னது முழுப் பொய்யும் அல்ல என்று நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்துகொண்டேன். போலியோக் கிருமி உடம்பில் இருக்கும் நேரத்தில் தசையில் எந்த ஊசி போட்டாலும், அந்தக் காலில் வாதம் இறங்கும் வாய்ப்பு கூடும் என்று மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள். அம்மா பார்த்தது சரி, எடுத்த முடிவு தவறு. எனக்கு நேர்ந்தது அந்தத் தடுப்பு மருந்து இல்லாததால்.

தம்பிக்கும் தங்கைக்கும் ஒன்றும் ஆகவில்லை, அதிர்ஷ்டம். இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ கடைசியாக 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் ஒரு சிறுமிக்கு வந்தது. அதற்குப் பின் இல்லை. அதனால்தான் உங்கள் மாமியாரால் இதையெல்லாம் நிம்மதியாகத் தள்ளிப்போட முடிகிறது. திட்டவில்லை, சொல்கிறேன்.

இரட்டையர் அப்பா (சனி, பகல் 12.18)

இரண்டு அனுபவங்கள். எங்கள் இரட்டைக் குழந்தைகள் எட்டு மாதத்திலேயே பிறந்துவிட்டார்கள். மருத்துவர் குறித்துக் கொடுத்த தேதியிலிருந்து கணக்கிட வேண்டும் என்று வீட்டில் அனைவரும் சொன்னார்கள். அப்படி இல்லை. பிறந்த தேதியிலிருந்துதான் கணக்கு, ஆறு வாரம் என்றால் ஆறு வாரம். குறைமாதக் குழந்தைக்குத்தான் நோய் சீக்கிரம் தொற்றும் என்பதால் தள்ளவே கூடாதாம்.

இரண்டாவது, பாராசிட்டமால். ஆறாவது வாரத்தில் சிரப் எழுதிக் கொடுத்தார்கள், ஐந்து மில்லியில் 125 மில்லிகிராம் உள்ளது. அடுத்த முறை மைத்துனன் கடையிலிருந்து சொட்டு மருந்துக் குப்பியை வாங்கி வந்துவிட்டான். அதில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம். பழைய அளவையே ஊற்றியிருந்தால் நான்கு மடங்கு போயிருக்கும். மனைவி பெட்டியைப் படித்ததால் தப்பித்தோம். அளவு எடைக்கு ஏற்றது, மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். காய்ச்சல் வந்த பிறகு கொடுத்தால் போதும், ஊசிக்கு முன்பே கொடுத்துக்கொண்டு போக வேண்டாம் என்றார்கள்.

தனியாரில் "வலியில்லாத ஊசி" என்று ஒன்று உண்டு, நாங்களும் பெரியவனுக்குக் காசு கொடுத்துப் போட்டோம். காய்ச்சல் குறைவாகத்தான் இருந்தது. இப்போது என் கருத்து மாறிவிட்டது. ஏன் என்பதைத் தம்பி சிறகு சொல்லட்டும்.

சிறகு (சனி, பகல் 1.44)

அண்ணா, வலி இல்லாமல் இல்லை, குறைவு. கக்குவான் இருமல் கிருமியை முழுதாக வைக்காமல் சில புரதங்களை மட்டும் பிரித்துச் செய்தது அது. எதிர்ப்புச் சக்தி கொஞ்சம் சீக்கிரம் தேய்ந்துவிடும். அமெரிக்காவில் அந்த வகைதான் போடுகிறார்கள். 2010இல் கலிபோர்னியாவில் கக்குவான் இருமல் பரவி ஒன்பதாயிரம் பேருக்கு மேல் வந்தது, பத்துக் கைக்குழந்தைகள் இறந்தன. முன்பு கடுமையாக வலிப்பு வந்த குழந்தை என்றால் மருத்துவர் அதைத் தேர்ந்தெடுக்கலாம். மற்றபடி இலவசமாகக் கிடைப்பது இரண்டாந்தரம் என்று நினைக்க வேண்டாம்.

கரூர்க்காரி (சனி, இரவு 10.55)

எல்லோருக்கும் நன்றி. இன்னும் இரண்டு கேள்வி. லேசாக மூக்கு ஒழுகுகிறது, போடலாமா? ஐந்தாம் மாதம் கோவைக்குப் போய்விடுவேன், மீதியை அங்கே போடுவார்களா, மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்களா?

புதன்கிழமை (ஞாயிறு, காலை 6.10)

சளிக்குத் தள்ள வேண்டாம். கடும் காய்ச்சல், மருத்துவமனையில் சேர்த்திருக்கும் நிலை என்றால் தள்ளலாம். செம்மண் தம்பி மகளுக்குச் சளி என்று போகாமல் இருந்தது அந்த ஒரு வாரத்துக்கு ஆறுதலாக இருந்திருக்கும், அதை வழக்கமாக்க வேண்டாம். எந்த ஊரிலும் போடலாம், விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். முதலிலிருந்து தொடங்குவது எப்போதும் இல்லை. அட்டையைத் தொலைக்காதே. இன்றே இரண்டு பக்கமும் கைப்பேசியில் படம் எடுத்து உன் அம்மாவுக்கும் மாமியாருக்கும் அனுப்பு.

ஊசி குத்தும்போது மடியில் போட்டுப் பால் கொடு. அழுகை பாதியாகக் குறையும்.

கரூர்க்காரி (வியாழன், காலை 8.20)

நேற்றுப் போட்டாயிற்று. செவ்வாய் இரவே மாமியார் கோவையிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார்! அட்டைப் படத்தை அனுப்பியதும், பத்தாவது வாரக் கட்டத்தில் ஊசி ஒன்றுதானா என்று மூன்று முறை கேட்டார்.

குப்பியைக் காட்டச் சொல்லி நான் தயங்கித் தயங்கிக் கேட்பதற்குள் மாமியார் கேட்டுவிட்டார். அந்த நர்ஸ் சின்னப் பெண், கோபிக்கவில்லை. ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்து ஊதா வட்டத்தைக் காட்டினார். சதுரம் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்த மூன்று தாய்மாருக்கும் அவரே விளக்கிச் சொன்னார்.

பால் குடித்துக்கொண்டே இருந்தாள், ஒரு கத்து கத்தினாள், மறுபடி குடித்தாள். இரவு காய்ச்சல் 100.2. மருந்து கொடுக்கவில்லை, துணி ஒற்றடம் மட்டும். பழைய கட்டியும் பாதியாகக் குறைந்திருக்கிறது.

ஒரே ஒரு சிக்கல். பதினான்காவது வாரம் வரும் புதன்கிழமை அஷ்டமியாம். வியாழக்கிழமை போடலாமா என்று உங்களிடம் கேட்கச் சொன்னார் மாமியார்.

புதன்கிழமை (வியாழன், காலை 8.32)

நான்கு வாரம் நிறைந்திருந்தால் எந்த நாளும் சரி. உங்கள் நிலையத்தில் வியாழக்கிழமை போடுவார்களா என்று மட்டும் கேட்டுக்கொள், இல்லையென்றால் அடுத்த புதன். அந்தப் புதன் கரிநாள் என்று சொல்லாமல் பார்த்துக்கொள்ளச் சொல்.

கரூர்க்காரி (வியாழன், காலை 8.41)

காலண்டரைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்.